கண்காட்சிக்குப் பிறகு நான்கு நாள் ஊர் சுற்றலா? முதலில் காகிதத்தைப் பாருங்கள்

ஜனவரி வந்தால் கரூரிலிருந்து ஒரு கூட்டம் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கிளம்பும். வீட்டு உபயோகத் துணிகளுக்கான ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி அங்கேதான் நடக்கிறது. முதலாளி போகிறார், மெர்ச்சண்டைசர் போகிறார், சில வேளை குடும்பமும் சேர்ந்துகொள்கிறது. நான்கு நாள் ஸ்டாலில் நின்று பையர்களிடம் பேசி முடித்தபின், "இவ்வளவு செலவு பண்ணி வந்தாச்சு, ரைன் கரை ஊர்களையும் சுவிஸையும் பார்த்துட்டே போயிடலாம்" என்று தோன்றுவது இயல்பு. சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

ஆனால் அந்தக் கூடுதல் நாட்கள் பலருக்கு எந்தக் காகிதத்திலும் இருப்பதில்லை. விசா விண்ணப்பத்தில் இல்லை, காப்பீட்டில் இல்லை, நிறுவனக் கடிதத்திலும் இல்லை. ஒன்றும் நடக்காதவரை யாரும் கேட்பதில்லை. கால் வழுக்கி எலும்பு முறிந்தாலோ, பாஸ்போர்ட் தொலைந்தாலோ, எல்லையில் போலீஸ் கேட்டாலோ, அப்போதுதான் ஊருக்கு போன் போட்டு "என்ன செய்றது?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப இதையே பார்த்துச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்

ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் 23-வது கேள்வி பயண நோக்கத்தைக் கேட்கிறது. வணிகம் என்று குறித்துவிட்டு, கூடுதல் விவரம் கேட்கும் 24-வது கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். அதில் ஒரே வரி எழுதினால் போதும்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை கண்காட்சி, அதற்குப் பிறகு சொந்தச் செலவில் சுற்றுலா. கவரிங் லெட்டரில் நாள்வாரியாகப் பட்டியல் கொடுங்கள். கூடுதல் நாட்களின் ஹோட்டல் பதிவையும் இணையுங்கள். முதன்மையாகப் போகும் நாடு எது என்பது 25-வது கேள்வி. ஜெர்மனி என்று எழுதிவிட்டுப் பாரிஸில் அதிக நாள் தங்கத் திட்டமிட்டால், விசா அதிகாரிக்கு சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். ஜனவரிக் கண்காட்சிக்கு டிசம்பரில் ஓடுகிறவர்கள் தீபாவளி முடிந்ததுமே கொடுத்துவிட வேண்டும். மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி எடுத்துவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பமே ஒழுங்காக இருக்கட்டும்.

ஸ்டிக்கரில் மூன்று இடங்கள்

விசா கையில் வந்ததும் மூன்றைப் படியுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். பெரும்பாலானோர் முதலாவதை மட்டுமே பார்க்கிறார்கள். ஆபத்து மூன்றாவதில் இருக்கிறது. ஜனவரி 11 முதல் பிப்ரவரி 4 வரை என்று அச்சாகியிருக்கும். தங்கும் நாட்கள் 10 என்று பக்கத்திலேயே இருக்கும். ஜனவரி 11-ல் இறங்கியவர் 20-ஆம் தேதிக்குள் வெளியேற வேண்டும். இறங்கிய நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். பிப்ரவரி 4 வரை இருக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள்.

"ஒரு நாள்தானே" என்பதும் இனி நடக்காது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் கணினிப் பதிவு நடைமுறைக்கு வந்துவிட்டது. நாள் கணக்கை இயந்திரமே போடுகிறது. விமானம் ரத்தாகியோ உடம்பு முடியாமலோ தங்க நேர்ந்தால், விசா நாட்கள் முடிவதற்கு முன்பே அந்த ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போங்கள். ஜெர்மனியில் அதற்கு 'ஆவ்ஸ்லெண்டர்பெஹோர்டே' என்று பெயர். தவிர்க்க முடியாத காரணம் என்றால் கட்டணமில்லாமல் நீட்டிக்க ஷெங்கன் விதியில் இடமுண்டு. விமான நிறுவனத்தின் கடிதம் அல்லது மருத்துவர் சான்று கையில் இருக்க வேண்டும். முடிந்தபின் போனால் நீங்கள் விதியை மீறியவர்.

ஒரு முறை நுழைவு விசாவில் லண்டனுக்குப் போய்விட்டு ஃபிராங்க்ஃபர்ட் திரும்ப முடியாது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசாவும் வேண்டும்.

சாம்பிள் பெட்டியோடு சுவிஸுக்குப் போகாதீர்கள்

சுவிட்சர்லாந்துக்கு உங்கள் ஷெங்கன் விசா செல்லும். அதனால் எல்லையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. சுங்க எல்லை அப்படியே இருக்கிறது. கண்காட்சி சாம்பிள்களை, வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஃபிக்கி வர்த்தகக் கூட்டமைப்பு வழங்கும் 'ஏடிஏ கார்னே' ஆவணத்தில் கொண்டுபோயிருந்தால், பெட்டியோடு பாசலுக்கு ரயில் ஏறும்போது அந்த எல்லையில் முத்திரை வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் சரக்கை அங்கேயே விற்றுவிட்டதாகக் கருதி, பிறகு வரி கேட்டுக் கடிதம் வரும். அப்படி வந்தால், இந்தியா திரும்பியபோது நம் சுங்கத்துறை கார்னேயில் போட்ட மறு இறக்குமதி முத்திரையே முக்கியமான ஆதாரம். அதை வாங்காமல் விமான நிலையத்தை விட்டு வராதீர்கள். இதைவிட நல்லது, சாம்பிள்களைக் கண்காட்சியிலிருந்தே அனுப்பிவிட்டு வெறுங்கையோடு ஊர் சுற்றுவது.

காப்பீடு எந்தத் தேதி வரை?

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது தங்கும் காலம் முழுவதற்கும் இருக்க வேண்டும். நிறுவனம் எடுத்துக் கொடுத்த பாலிசி கண்காட்சித் தேதியோடு முடிகிறதா, சொந்த நாட்களையும் சேர்க்கிறதா என்று பாலிசிக் காகிதத்தை வாங்கிப் படியுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் முடிவதற்கு முன்பே கேளுங்கள். ஜனவரியில் பனிச்சறுக்கு ஆசை வரும். பல பாலிசிகளில் அது விலக்கப்பட்டிருக்கும்.

நிறுவனம் இழப்பீடு தரும் என்று மெர்ச்சண்டைசர்கள் நம்பியிருக்க வேண்டாம். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்குத்தான் தொழிலாளர் சட்டம் இழப்பீடு தருகிறது. சொந்தமாகச் சுற்றிய நாளில் விழுந்தால் உங்கள் காப்பீடுதான் துணை.

நியாயமான கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தை அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

கணக்கைப் பிரியுங்கள்

அலுவல் பயணத்தை விடுமுறையாக நீட்டித்தால், நீட்டித்த நாட்களுக்கு நிறுவனம் செய்த செலவு ஊழியரின் வரிக்குரிய சலுகையாகும் என்று வருமான வரி விதிகள் நெடுங்காலமாகச் சொல்கின்றன. உடன் போன குடும்பத்தாருக்குச் செய்த செலவும் அப்படியே. ஆகவே கண்காட்சி முடிந்த அன்றே ஹோட்டல் பில்லை முடித்து, மறுநாள் முதல் சொந்தக் கார்டில் தனி பில் வாங்குங்கள். முதலாளிகளுக்கும் இதையே சொல்கிறேன். குடும்பச் சுற்றுலாவை வணிகச் செலவில் எழுதினால் தணிக்கையில் நிற்காது.

பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்

ஷெங்கனுக்குள் சோதனை இல்லை என்பது பழைய பேச்சு. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை நடத்துகிறது. ஸ்ட்ராஸ்பர்க்கைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறலாம். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். விசாப் பக்கத்தின் நகலை மட்டும் வேறு பையில் வையுங்கள்.

தொலைந்தால் முதலில் அருகிலுள்ள போலீஸில் புகார்ப் பிரதி வாங்குங்கள். பிறகு இந்தியத் துணைத் தூதரகம். தொலைத்த இடத்தைப் பொறுத்து அலுவலகம் மாறும்: ஃபிராங்க்ஃபர்ட், ரைன் கரை ஊர்கள், கொலோன் என்றால் ஃபிராங்க்ஃபர்ட் துணைத் தூதரகம், பவேரியா என்றால் மியூனிக். அங்கே தரும் அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்புவதற்கு மட்டுமே. மீதிச் சுற்றுலாவை விட்டுவிட்டு ஊருக்கு வர வேண்டியதுதான்.

இன்னொன்று: ஜனவரியில் ரைன் சுற்றுலாப் படகுகள் பெரும்பாலும் ஓடாது, கரையோரக் கிராமங்களில் பல விடுதிகள் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கடைகளும் இருக்காது. ஜெர்மனியில் அவசரத்துக்கு 112, உயிருக்கு ஆபத்தில்லாத உடம்பு நோவுக்கு 116117 என்ற எண்ணை அழையுங்கள்.

ஊழியரை அனுப்பும் நிறுவனங்கள் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்: அலுவல் நாட்கள் எவை, சொந்த நாட்கள் எவை, எதற்கு யார் செலவு. விசா விண்ணப்பத்திலும் காப்பீட்டிலும் இந்தக் கடிதத்திலும் ஒரே தேதிகள் இருக்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் டிக்கெட்டைத் திருத்துங்கள். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். தங்கும் நாட்கள் எத்தனை என்பதை மறுபடியும் ஒருமுறை படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.