நீந்தத் தெரியாத டாம் லீ

நீச்சலே தெரியாத ஒருவர், ஆற்றில் தத்தளித்த 32 பேரைக் காப்பாற்றினார் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் தென்பகுதி. மிசிசிப்பி ஆற்றங்கரையில் மெம்ஃபிஸ் நகரம். 1925ஆம் வருடம் மே மாதம், பொறியாளர்களும் குடும்பத்தினரும் ஏறியிருந்த ஒரு நீராவிக் கப்பல் நடு ஆற்றில் கவிழ்ந்தது. அந்தப் பக்கம் சின்ன மோட்டார் படகில் தனியாக வந்துகொண்டிருந்தார் டாம் லீ என்ற கறுப்பினத் தொழிலாளி. தவறி விழுந்தால் அவர் கதையும் முடிந்தது! ஆனாலும் படகைத் திருப்பினார். கைக்கு எட்டியவர்களை இழுத்துப் போட்டார், கரை சேர்த்தார், மறுபடியும் போனார்.

வெள்ளை மாளிகைக்குப் போய் ஜனாதிபதியையே சந்தித்தார் டாம் லீ. சரி, ஊரில் அவருக்குக் கொடுத்த வேலை? நகரத் துப்புரவுத் துறையில்!

இன்று ஆற்றோரப் பூங்காவுக்கு அவர் பெயர்தான். படகிலிருந்து குனிந்து, தண்ணீரில் கிடப்பவருக்குக் கை நீட்டும் சிலையும் அங்கே உண்டு.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே லொரெய்ன் மோட்டல். 1968இல் அதே ஊர்த் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அதன் மாடி வராந்தாவில்தான். இப்போது அது தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம்.

அந்தப் பக்கம் போகிற உறவினர் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள்: முதலில் பூங்கா, அப்புறம் அருங்காட்சியகம். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.