தரவுத்தளத்தை அழிக்கும் கருவி ஏஐ கையில்: சந்தேகங்களும் விளக்கங்களும்

சொன்ன வேலையைத் தானாகவே செய்யும் ஏஐ ஏஜென்ட் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தையே அழித்துவிடும் என்கிறார்களே, அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்லிட் தளத்தின் ஏஐ ஏஜென்ட்டை வைத்து ஒரு செயலியை உருவாக்கிவந்தார். இனி எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தும், பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை ஏஜென்ட் அழித்துவிட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. ரெப்லிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டார். சோதனைத் தரவுத்தளத்தையும் பயன்பாட்டில் உள்ளதையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டையும் அறிவித்தார்.

அப்படியானால் அழிக்கும் கருவியை ஏன் அதன் கையில் கொடுக்க வேண்டும்?

மென்பொருள் எழுதுகிறவர்கள் சோதனைக்காகத் தற்காலிகத் தரவுத்தளங்களை உருவாக்கிக்கொண்டே இருப்பார்கள். வேலை முடிந்ததும் அழிக்காவிட்டால் இடம் அடைபடும், கட்டணம் ஏறும். இந்தத் துப்புரவு வேலையை ஏஜென்ட்டிடம் விடுவதில் தவறில்லை.

அழிக்கும் கருவியோடு விளக்கக் குறிப்பும் எழுதித் தர வேண்டும் என்கிறார்களே, அது எதற்கு? ஏஐக்குத்தான் எல்லாம் தெரியுமே?

தரவுத்தளம் என்றால் என்ன என்று தெரியும். உங்கள் தரவுத்தளத்தில் எது முக்கியம் என்று தெரியாது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஐயைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், தர வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவை உண்டு. இவற்றைப் படித்துத்தான் எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாதிரி முடிவுசெய்கிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியானாலும், மாதிரியின் முன்னால் எழுத்தில் வைக்காதவரை அதற்கு எட்டாது.

'தரவுத்தளத்தை அழிக்கும்' என்ற இரண்டு சொல் குறிப்பு அனுபவமுள்ள பொறியாளருக்குப் போதும். ஏஜென்ட்டுக்கு நான் இப்படி எழுதுவேன்:

"பெயர் குறிப்பிட்ட தரவுத்தளத்தை, அதிலுள்ள எல்லா அட்டவணைகளோடும் நிரந்தரமாக அழிக்கும். காப்புப் பிரதி எடுக்காது. பயனர் இந்த உரையாடலில் பெயரைச் சொல்லி அழிக்கக் கேட்டால் மட்டும் பயன்படுத்தவும். ஒரு பிழையைச் சரிசெய்வதற்காக இதை அழைக்க வேண்டாம். சொன்ன பெயரில் தரவுத்தளம் இல்லையென்றால், அதைப் போன்ற வேறு பெயரை முயலாமல் பயனரிடம் தெரிவித்து நிறுத்தவும்."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பலர் எழுதுவதே இல்லை. அட்டவணை அமைப்பை மாற்றும்போது பிழை வந்து சிக்கிக்கொண்டால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் குறுக்குவழி. சோதனைச் சூழலில் அது சரியான யோசனை, வாடிக்கையாளர் விவரம் இருக்கும் இடத்தில் பேரழிவு. பெயர் விஷயமும் அப்படித்தான். 'விற்பனை_சோதனை'யை அழி என்கிறீர்கள். அந்தப் பெயரில் எதுவும் இல்லை. பட்டியலில் 'விற்பனை' இருக்கிறது. எடுத்த வேலையை முடிக்கப் பார்க்கும் ஏஜென்ட், நீங்கள் சொல்ல வந்தது இதுதான் என்று முடிவுகட்டிவிடக்கூடும்.

கருவி தரும் பதிலும் குறிப்பில் இருக்க வேண்டும். அழிக்கச் சொன்ன பிறகு இணைப்பு அறுந்து பதிலே வராவிட்டால், மறுபடி அழைக்கலாமா, முதலில் பட்டியலைப் பார்க்க வேண்டுமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டால் பயமில்லையே?

பயம் இருக்கத்தான் செய்கிறது. குறிப்பு என்பது கதவில் ஒட்டிய அறிவிப்பு, பூட்டு வேறு. எம்சிபியில் 'அழிவு விளைவிக்கக்கூடியது' என்று கருவிக்கு அடையாளமிட வழி உண்டு. ஆனால் அதை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது.

பூட்டு தரவுத்தளத்தில்தான் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒரு தரவுத்தளத்தை அதன் உரிமையாளரோ, எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசரோதான் அழிக்க முடியும். அழித்த பின் அந்தக் கட்டளையைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே உண்மைத் தரவு இருக்கும் இடத்தில், ஏஜென்ட் உள்நுழையும் கணக்கு இந்த இரண்டில் ஒன்றாக இருக்கவே கூடாது. அட்டவணைகளின் உரிமையாளராகவும் அது இருக்கக் கூடாது. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று நிர்வாகிக் கடவுச்சொல்லையே கொடுத்துவிடும் வழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. அழித்தே ஆக வேண்டிய இடத்தில், நிரல் களஞ்சியத்தை அழிக்கும்போது கிட்ஹப் தளம் கேட்பதுபோல, அழிக்கப்போவதன் பெயரை ஒரு மனிதர் தம் கையால் தட்டச்சு செய்யட்டும்.

மனிதர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லையா?

செய்திருக்கிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், வேறொரு சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுகளை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. எடுத்துக்கொண்டிருப்பதாக நம்பிய காப்புப் பிரதிகள் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

அழிந்துவிட்டால், மீட்க முடியுமா என்று ஏஜென்ட்டிடமே கேட்கலாமா?

அது சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். லெம்கினிடம் மீட்க வழியில்லை என்றுதான் அது சொன்னது. அவர் முயன்று பார்த்தபோது மீட்க முடிந்தது. எங்கே நகல் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் கருவியின் குறிப்பில் இல்லாவிட்டால் அது ஊகித்துத்தான் பதில் சொல்லும். முதலில் ஏஜென்ட்டின் கடவுச்சொல்லை ரத்து செய்யுங்கள். பிறகு உங்கள் சேவை நிறுவனத்தின் பக்கத்தில் நீங்களே நுழைந்து, கடைசி நகல் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள்.