ஐயாவின் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, சுவர்க் கடிகாரம் என்று செட்டிநாட்டு வீடுகளின் பழைய பொருட்களை விற்கும் கடைகள் அங்கே நிறைய உண்டு. நான் அங்கே தேடிப் போனது உள்ளங்கை அளவு டேப் ரிக்கார்டர் ஒன்றை.

காரணம், ஐயாவின் அலமாரியில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு கேசட். அப்பச்சியின் அப்பாவான அவர், அலுவலகக் கடிதங்களை ஒரு மெஷினில் பேசிப் பதிவு செய்வார். டைப்பிஸ்ட் அதைக் கேட்டு டைப் அடிப்பார். அவர் மறைந்த பிறகு அவர் குரல் மிஞ்சியிருப்பது இந்த ஒரு கேசட்டில்தான். ஆனால் மெஷின் ஓடவில்லை!

டிக்டேஷன் மெஷின்

எடிசன் 1877-ல் போனோகிராப்பை உருவாக்கியபோது, கடிதங்களைச் சொல்லிப் பதிவு செய்வதையே அதன் முதல் பயனாக எண்ணினார். 1907-ல் ‘டிக்டாபோன்’ என்ற பெயர் பதிவானது. அப்போது மெழுகு உருளையில் பதிந்தார்கள். 1947-ல் பிளாஸ்டிக் பெல்ட் வந்தது. 1969-ல் ஒலிம்பஸ் நிறுவனம் மைக்ரோ கேசட்டை அறிமுகம் செய்தது. ஐயாவிடம் இருந்தது இந்த வகைதான். இதில் நொடிக்கு 2.4 செ.மீ., 1.2 செ.மீ. என இரண்டு வேகங்கள் உண்டு. மெதுவான வேகத்தில் இரு மடங்கு நேரம் பதியலாம். எல்லா மெஷினிலும் இரண்டு வேகமும் இருக்காது.

திறந்து பார்ப்போமா?

முதலில் கேசட்டையும் பேட்டரியையும் வெளியே எடுத்துவிடுங்கள். கரண்டில் ஓடும் மேஜை மெஷின் என்றால் நீங்கள் திறக்க வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். ஒரு ஸ்க்ரூ பேட்டரி மூடிக்குள் ஒளிந்திருக்கலாம். ஸ்க்ரூக்களைக் கழற்றியும் மூடி வரவில்லையா? இழுக்காதீர்கள். எங்கோ இன்னொன்று இருக்கிறது என்று பொருள்.

உள்ளே சிறிய மோட்டார் இருக்கும். அது ஒரு ரப்பர் பெல்ட் வழியாகக் கனமான சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரத்தின் நடுவிலுள்ள மெல்லிய இரும்புத் தண்டும் ஒரு ரப்பர் உருளையும் டேப்பைப் பிடித்துச் சீரான வேகத்தில் இழுக்கும். பக்கத்திலுள்ள ஹெட், டேப்பில் பதிந்த காந்தப் பதிவை மின் சிக்னலாக மாற்றும்.

ஐயாவின் மெஷினில் பேட்டரி கசிந்து போர்டையே அரித்திருந்தது. முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கியதில் பெல்ட் மட்டும் தார்போல உருகி ஒட்டியிருந்தது. அதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிடச் சற்றுச் சிறிய புது பெல்ட் போட்டேன். ஹெட்டையும் அதே ஆல்கஹாலால் துடைத்தேன்.

உடனே ஐயாவின் கேசட்டைப் போட்டுவிடவில்லை. வேறொரு வேண்டாத கேசட்டை முழுதாக ஓட்டி, டேப் சிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் போட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரே ஒரு பிரதி இருக்கும் டேப்பில் சோதனை செய்யக் கூடாது.

கம்ப்யூட்டருடன் இணைக்க

1. மெஷினின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் நீல நிற ‘லைன் இன்’ துளைக்கு ஆடியோ கேபிள் கொடுங்கள். லேப்டாப்பில் அந்தத் துளை இல்லையென்றால், லைன் இன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் வாங்குங்கள். மைக் துளையில் கொடுத்தால் குரல் கரகரக்கும்.

2. ‘ஆடாசிட்டி’ என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவுங்கள். மோனோ, 44,100 ஹெர்ட்ஸ் என்று வைத்துச் சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். பிறகு கேசட்டை ஓட விடுங்கள். ஒலி அளவைக் காட்டும் பட்டை கடைசிவரை போய் முட்டாதபடி மெஷினின் வால்யூமைக் குறையுங்கள்.

3. முடிந்ததும் 16 பிட் ‘வேவ்’ ஃபைலாகச் சேமியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 5 எம்.பி. ஆகும். இரைச்சல் நீக்குவது போன்ற வேலைகளை இதன் நகலில் மட்டும் செய்யுங்கள். உறவினர்களுக்கு அனுப்ப எம்.பி.3 போதும்.

கீச்சுக் குரல்!

பதிவைக் கேட்டபோது திடுக்கிட்டேன். அணில் கத்துவது போல இருந்தது. ஐயா 1.2 வேகத்தில் பதிந்திருக்கிறார். நான் வாங்கிய மெஷினில் இருந்தது 2.4 மட்டும். ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் எஃபெக்டைத் திறந்து 0.5 என்று கொடுத்தேன். அவ்வளவுதான், ஐயாவின் கனத்த குரல் அப்படியே வந்துவிட்டது!

சரக்கு தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கும் ஒரு சாதாரணக் கடிதம் அது. நடுவில் ஆயா காப்பிக்குக் கூப்பிடுகிறார். “இந்தா வர்றேன்” என்கிறார் ஐயா. அந்த இடம் வந்ததும் அப்பச்சி எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த ஃபைலை ஹார்டு டிஸ்கிலும், தனியாக ஒரு பென் டிரைவிலும் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கேசட் இருக்கலாம். காந்தப் பதிவு காலப்போக்கில் மங்கும், டேப்பும் நைந்துபோகும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தேடிப் பாருங்கள்.