நிலைபெற்ற மென்பொருளும் நம் எதிர்பார்ப்பும்

அண்ணனூரில் வாழ்வோர்க்கு மின்தொடர் வண்டி புதியதன்று. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த இவ்வூரில் அவ்வண்டிகளைப் பேணும் பணிமனையும் உள்ளது. பணிமனைக்குள் சென்ற வண்டி வெளிவரும்போது புது வடிவம் பெற்று வருவதில்லை. சக்கரமும் பிரேக்கும் சோதிக்கப்பெற்று, தேய்ந்த உறுப்புகள் மாற்றப்பெற்று, முன்போலவே ஓடத் தொடங்குகிறது. வண்டி நேற்றிருந்தபடியே இருக்கிறதே என்று பயணியர் எவரும் குறைகூறக் கேட்டதில்லை.

ஆனால், கணினி மென்பொருளை நாம் நோக்கும் நோக்கு இவ்வாறில்லை. ஆறு திங்கள் புதிய பதிப்பு வாராதாயின், ‘இது கைவிடப்பட்டது போலும்’ என்று எண்ணிவிடுகிறோம். மூல நிரல் யாவர்க்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருள்களின்மேல் இவ்வையம் மிகுதியாக எழுகின்றது. இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ‘புதுப்பிப்பு’ என்னும் ஒரு சொல் இருவேறு பணிகளைக் குறித்து நிற்பதை நாம் உணர வேண்டும். புதிய வசதிகளைச் சேர்ப்பது ஒன்று; இருக்கும் பிழைகளைக் களைவது மற்றொன்று. முன்னது குறைந்துகொண்டே வருவது முதிர்ச்சியின் அறிகுறி. பின்னது நின்றுபோவதே கவலைக்குரியது.

முதிர்ச்சிக்குச் சான்றாக, அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் குனுத் உருவாக்கிய ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைக் கூறலாம். கணித நூல்களை அழகுற அச்சிடும் பொருட்டு 1978 ஆம் ஆண்டு முதல் வடிவம் பெற்ற அதில், இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா என்று அவர் 1990 இல் அறிவித்தார். அதன்பின் பிழைதிருத்தம் செய்யுந்தோறும் பதிப்பெண்ணில் ஓர் இலக்கம் கூடி, ‘பை’ என்னும் கணித மதிப்பை நெருங்கி வருகிறது. 2021 இல் அது 3.141592653 ஆயிற்று. அடுத்த திருத்தத்தை அவர் 2029 ஆம் ஆண்டிற்கு வைத்துள்ளார். எட்டாண்டு இடைவெளியைக் கண்டு அதனை இறந்துபட்ட மென்பொருள் என்று கூறுவார் இலர். உலகெங்கும் கணித ஆய்வேடுகள் அதனைக் கொண்டே இன்றும் அச்சாகின்றன.

இனி, நம் அருகில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்திற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 ஆம் நாளுடன் முடிவுற்றது. அதனை முன்னிட்டு, தமிழக அரசு 2013 ஆம் ஆண்டிலேயே தன் துறைகளை ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறுமாறு அறிவுறுத்தியது. ‘பாஸ்’ என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குமாறு அமைத்தது. 1993 இல் இயான் மர்டாக் தொடங்கிய ‘டெபியன்’ இயங்குதளமே அதன் அடித்தளம். எக்ஸ்பியில் அலுவலகங்கள் இழக்கவிருந்தவை புதிய வசதிகள் அல்ல, பாதுகாப்புத் திருத்தங்களே என்பதை இங்கே கருத வேண்டும்.

டெபியனின் நிலைத்த பதிப்பு ஏறத்தாழ ஈராண்டிற்கு ஒருமுறையே வெளிவருகிறது. பன்னிரண்டாம் பதிப்பு 2023 ஜூனிலும், பதின்மூன்றாம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வந்தன. இடைப்பட்ட காலத்தில் அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பெண்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. பாதுகாப்புக் குறை ஒன்று தெரியவந்தால், புதிய பதிப்பிலுள்ள திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துகின்றனர். எண்ணைப் பார்ப்பவர்க்கு அது பழையதாகத் தோன்றும். உள்ளே திருத்தம் நிகழ்ந்திருக்கும். மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்மேல் ஈராண்டு நீட்டித்த ஆதரவும் உண்டென்று காலவரம்பும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது.

அடிக்கடி புதுப்பிப்பு வேண்டும் என்னும் நெருக்குதல் எத்துணைத் தீங்கை விளைவிக்கும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்ஜெட்’ என்னும் சிறு மென்பொருள், லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் உள்ளது. அதனை ஒருவர் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் பேணிவந்தார். 2022 ஆம் ஆண்டில், புதிய பதிப்பு தாமதமாகிறது என்றும் வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்றும் அவருக்கு மின்னஞ்சல்கள் வந்தவண்ணம் இருந்தன. அவற்றை எழுதியோர் புனைபெயரினர் என்றே பலரும் ஐயுறுகின்றனர். ‘ஜியா டான்’ என்னும் பெயரில் உதவிக்கு வந்த ஒருவர் படிப்படியாகப் பராமரிப்புப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், அயலார் கணினிக்குள் நுழைதற்குரிய புறக்கடை வழி ஒன்று கரவாக வைக்கப்பட்டிருந்தது.

ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறக்குறைய அரை வினாடி தாமதமாவதைக் கண்டு, காரணம் தேடிச் சென்று அச்சூழ்ச்சியைக் கண்டறிந்து, 2024 மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். புதியதை உடனுக்குடன் ஏற்கும் சோதனைப் பதிப்புகள் சிலவற்றுள் அது புகுந்துவிட்டிருந்தது. பழைய 5.4 வரிசையிலேயே நின்றிருந்த டெபியன் நிலைத்த பதிப்பு தப்பியது.

இதனால் மௌனம் அனைத்தும் நன்றென்று நாம் கூறவில்லை. உண்மையிலேயே கைவிடப்பட்ட மென்பொருள்களும் உள. இரண்டையும் வேறுபடுத்தி அறிய நாம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. தெரிவிக்கப்பட்ட பிழைகளுக்கு விடை வருகிறதா? பாதுகாப்புக் குறைகள் அறிவிக்கப்பெற்றுத் திருத்தப்படுகின்றனவா? ஆதரவு எந்நாள் வரை என்பது கூறப்பட்டுள்ளதா? ‘பாஸ்’ போன்று மற்றொன்றின்மேல் கட்டப்பட்டவற்றிற்கு நான்காவது வினாவும் உண்டு: அடித்தளத்தில் செய்யப்பட்ட திருத்தம் நம் கணினியை வந்தடைய எத்தனை நாள் ஆகிறது? இவற்றிற்குத் தக்க விடை கிடைக்குமாயின், பதிப்பெண் பழையதாயிருப்பது பற்றி நாம் கலங்க வேண்டுவதில்லை. கிடைக்காதாயின், திங்கள்தோறும் புதுப்பதிப்பு வந்தாலும் அதனை நம்புதற்கில்லை.

பயனராகிய நமக்கும் கடமையுண்டு. திருத்தம் வந்தால் காலந்தாழ்த்தாது ஏற்பதும், பிழை கண்டால் எப்போது, எவ்வாறு நேர்ந்தது என்று தெளிவாக எழுதித் தெரிவிப்பதும், தமிழ் மொழிபெயர்ப்பிலோ சோதனையிலோ கைகொடுப்பதும் நம்மால் இயல்வன. ‘அடுத்த பதிப்பு எப்போது?’ என்று கேட்கும் முன், ஊதியமின்றி அதனைப் பேணுபவர் தனியராய் இருக்கிறாரா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. மாணவருள் ஒரு சிலரேனும் அவருக்குத் துணைநிற்க முன்வருவராயின், அதுவே அம்மென்பொருள் நிலைபெற நாம் செய்யும் நற்பணியாகும்.