கோட்டை மதில் மட்டும் போதுமா?

மும்பையில் நம் தமிழ்க் குடும்பங்களில் கம்ப்யூட்டர் கம்பெனியிலோ வங்கியிலோ வேலை பார்க்கும் பிள்ளை ஒருவராவது இல்லாத வீடு அபூர்வம். "ஆபீஸ் நெட்வொர்க்கின் பாதுகாப்பையே கிளவுடுக்கு மாற்றுகிறோம்" என்று அவர்கள் சொல்லும்போது, பெரியவர்கள் தலையை ஆட்டிவிட்டு மோரைக் குடிக்கப் போய்விடுகிறோம். ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், இதில் எனக்குப் புரிந்ததை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய ஏற்பாடு

பெரிய நிறுவனங்கள் நெடுங்காலம் கோட்டை முறையைத்தான் நம்பியிருந்தன. தலைமை அலுவலகத்தில் சர்வர்கள். வாசலில் 'ஃபயர்வால்' என்னும் காவல். கிளை அலுவலகங்களும் வெளியூர் ஊழியர்களும் 'வி.பி.என்.' என்ற சுரங்கப் பாதை வழியாக உள்ளே வரவேண்டும். வந்துவிட்டால் அவர் நம்மவர். எந்த அறைக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம்.

இதில் இரண்டு தொல்லைகள். முதலாவது சுற்றுப்பாதை. நிறுவனத்தின் மென்பொருளே இன்று கிளவுடில், அதாவது வேறொருவரின் சர்வர் கூடத்தில் ஓடுகிறது. ஆனாலும் ஊழியர் தலைமை அலுவலகம் போய்த்தான் அங்கே போகவேண்டும். டோம்பிவிலியில் இருப்பவர் கல்யாண் போவதற்கு வி.டி. வரை வந்து திரும்புவது போல! 2020 மார்ச் ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் இந்தச் சுரங்கங்கள் பல இடங்களில் திணறின.

இரண்டாவதுதான் ஆபத்தானது. 2021 மே மாதம் முடங்கிய, அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கின் வழியாக. அதற்குக் காவல் ஒரே ஒரு பாஸ்வேர்டுதான். அந்நாட்டின் கிழக்குக் கரைக்குப் போகும் எரிபொருளில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைச் சுமக்கும் குழாய் ஐந்து நாட்களுக்கு மேல் நின்றது.

நம் நாட்டுக்கும் வருவோம். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டன. எங்கெங்கிருந்தோ வந்த நோயாளிகளுக்கு நாள் கணக்கில் பேனாவும் காகிதமுமாகவே சீட்டு எழுதினார்கள். நெட்வொர்க்கை உள்ளே முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மதில் இருந்தது, உள்ளே அறைகளுக்குக் கதவு இல்லை.

டோக்கன் தத்துவம்

ஒற்றைப் பாதையில் நாங்கள் ரயில் விட்ட முறையை நினைத்துப் பார்க்கிறேன். டிரைவர் முப்பது வருட அனுபவசாலியாக இருக்கலாம். ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சம்பந்தியாகவும் இருக்கலாம். பந்து டோக்கன் கையில் வராமல் வண்டி நகராது. அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் கருவி அந்தப் பந்தை வெளியே விடும். அது அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்தான் செல்லும். அங்கே ஒப்படைத்துவிட்டுப் புதியது வாங்கவேண்டும்.

இதே தத்துவத்தை 2010-இல் ஜான் கிண்டர்வாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'ஜீரோ டிரஸ்ட்' என்று சொன்னார். உள்ளே இருப்பவர் என்பதற்காக யாரையும் நம்பாதே. ஒவ்வொரு முறையும் சோதி. கூகுள் நிறுவனம் இதைத் தன் ஊழியர்களிடம் நடைமுறைப்படுத்தி 2014 முதல் கட்டுரைகளாக வெளியிட்டது. 2019-இல் கார்ட்னர் நிறுவனம், இந்தச் சோதனைச் சாவடிகளையும் நெட்வொர்க்கையும் கிளவுடிலிருந்தே சேர்த்து வழங்கும் முறைக்கு 'சாஸி' என்று பெயர் சூட்டியது.

சாவடி இப்போது ஊழியருக்கு அருகிலேயே இருக்கிறது. ஆள் யார், அவர் லேப்டாப் சுத்தமாக உள்ளதா, கேட்பது எந்த மென்பொருள் என்று பார்த்து, அந்த ஒன்றுக்கு மட்டும் வழிவிடுகிறது. ஒரு பாஸ்வேர்டு திருடு போனாலும் முழு நிறுவனமும் பறிபோவது கடினம்.

மாறும் விதம்

பணம் கட்டிச் சேவையை வாங்குவது சுலபம். முதல் வேலை கணக்கெடுப்பு: என்னென்ன மென்பொருள், யார் யாருக்கு எது தேவை, விலகிப் போனவர்களின் கணக்குகள் எத்தனை திறந்து கிடக்கின்றன? அடுத்து, எல்லோருக்கும் இரட்டை அடையாளச் சோதனை. பிறகு ஒவ்வொரு பிரிவாக மாற்றம். கடைசியில் பழைய சுரங்கத்தை அடைத்தே ஆகவேண்டும். புதிய இன்டர்லாக்கிங் வந்தபின் பழைய லீவரில் உயிர் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் துறையில் கலாசிக்கும் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று, கிளவுட் வழியே பாதுகாப்பு வழங்கும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு கோப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவலை ஒரே இடத்தில் ஒப்படைத்தால், காவலன் இடறினால் எல்லோரும் இடறுவோம். டோக்கன் கருவி பழுதானால் காகிதத்தில் லைன் கிளியர் எழுத விதி வைத்திருந்தோம். அதற்குப் பயிற்சியும் இருந்தது. எத்தனை நிறுவனங்களில் அந்த மாற்று வழியை ஒத்திகை பார்க்கிறார்கள் என்று நம் பிள்ளைகள் அவரவர் ஆபீசில் கேட்டுப் பார்க்கலாம்.

2022 ஏப்ரலில் 'செர்ட்-இன்' என்னும் மத்திய அரசு அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். 180 நாட்களுக்குப் பதிவேடுகளைக் காத்து வைக்கவேண்டும். சேவையைக் கிளவுடுக்கு மாற்றினாலும் இந்தப் பொறுப்பு நிறுவனத்தை விட்டுப் போவதில்லை.

வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆபீஸ் லேப்டாப்பில் பேரனுக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கவேண்டாம். கேட்காமலே போனில் 'அனுமதிக்கவா?' என்று வந்தால், தொல்லை விட்டால் போதும் என்று சம்மதம் அழுத்தவும் வேண்டாம். இன்று அந்தக் கோட்டையின் ஒரு வாசல் நம் வீட்டுக் கூடத்திலும் திறந்திருக்கிறது.