குமுளியில் கோடு எங்கே இருக்கு?

ஐரோப்பா எங்கே முடியுதுன்னு கேட்டா அட்லஸ் யூரல் மலையைக் காட்டும். அந்தக் கோடு 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் மனுஷங்க முடிவு பண்ணினது. சைப்ரஸ் தீவு மேப்பில் ஆசியா பக்கம் கிடக்கு, ஆனா 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருச்சு. ஹாஸ்டலில் இதைப் பேசிச் சிரிச்சோம். அப்புறம்தான் தோணுச்சு, மதுரைக்காரங்க இதுக்குச் சிரிக்கவே கூடாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டுக்குக் கிழக்கே விழுற மழை வைகைக்கு வரும். மேற்கே விழுறது பெரியாறா ஓடி அரபிக்கடலுக்குப் போகும். இதைவிடத் தெளிவான எல்லை கிடைக்குமா? ஆனா 1895-ல் பென்னிகுயிக் அணையைக் கட்டி முடிச்சாரு. மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா பெரியாற்றுத் தண்ணி கிழக்கே திரும்புச்சு. மேலூர் வயல் வரைக்கும் பாயுறது அந்தத் தண்ணிதான். நம்மைப் பொறுத்தவரை சிவில் டிபார்ட்மென்ட் ஜெயிச்ச இடம்!

அரசியல் கோடு மட்டும் நகரல. 1886-ல் திருவிதாங்கூர் நிலத்தைச் சென்னை மாகாணம் 999 வருஷக் குத்தகைக்கு எடுத்துச்சு. இன்னைக்கு அணை இருக்கிறது இடுக்கி மாவட்டத்தில், இயக்குறது தமிழ்நாடு.

1956-ல் மொழிவாரியாப் பிரிச்சப்போ இதைச் சரி பண்ணியிருக்கலாமேன்னு கேப்பீங்க. தேவிகுளம், பீர்மேடு தமிழர் பகுதின்னு நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடுச்சு. எஸ்டேட் தொழிலாளர்கள் நிலையான குடிகள் இல்லைங்கிற வாதத்தையும் சேர்த்துப் பார்த்து, மாநிலச் சீரமைப்பு ஆணையம் அதை ஏத்துக்கல. அதே சமயம் மலைக்கு மேற்கே இருக்கிற கல்குளம், விளவங்கோடு மொழிக்காகவே இங்கே வந்துச்சு. ஒரு இடத்தில் மொழி, இன்னொரு இடத்தில் வேற கணக்கு. எனக்கு இது இன்னும் உறுத்துது.

ஆனா அணைக்குக் கீழே குடியிருக்கிறவங்க பயத்தையும் கிண்டல் பண்ண முடியாது. 142 அடி வரை தேக்கலாம்னு 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் சண்டை ஓயல.

அதே மலைமேல எல்லையிலேயே மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கு. அதுக்கும் ரெண்டு மாநிலமும் உரிமை கேக்குது. சித்ரா பௌர்ணமி அன்னைக்கு மட்டும் தேனி, இடுக்கி ரெண்டு நிர்வாகமும் சேர்ந்து பக்தர்களை மேலே அனுப்புறாங்க. மதுரையை எரிச்சிட்டுப் போனவளைக் கும்பிட, கேரளா வழியாத்தான் ஜீப்பில் ஏறணும்.