நிற்கும்போது நடுங்கும் ஜீப்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏறும் மலைப்பாதையில் ஜீப்பைக் காணாமல் ஒரு மைல் செல்வது அரிது. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து செல்பவை அவை. அப்பகுதியில் வாழும் நண்பர் ஒருவரிடம் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெட்ரோல் ஜீப் ஒன்று உள்ளது. சென்ற கோடை விடுமுறையில் அவரைக் காணச் சென்றபோது, நலம் விசாரிக்கும் முன்பே ஜீப்பின் நோயைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"ஏறும்போது குதிரை மாதிரி ஏறுது, வாத்தியாரே. நிறுத்தினாத்தான் குளிர்சுரம் வந்த மாதிரி நடுங்குது. சில நேரம் அணைஞ்சே போகுது."

ஒரு பட்டறையில் நான்கு பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த பட்டறையில் கார்புரேட்டரையே மாற்றினார்கள். நடுக்கம் போகவில்லை. மூன்றாவது பட்டறையில், இன்ஜினை இறக்கிப் பிரித்து 'போரிங்' செய்தாக வேண்டும் என்று கூறிவிட்டனர். அதற்கான தொகை அவருடைய பல மாத வருமானம். அதைவிடப் பெரிய கவலையும் ஒன்று இருந்தது. கொண்டையூசி வளைவில் எதிரே பேருந்து வந்தால் ஜீப்பை நிறுத்தி வழிவிட வேண்டும். பிரேக்கை மிதிப்பதும் வலது கால். இயந்திரம் அணையாமல் ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டியதும் அதே வலது கால். பின்னால் பள்ளம், வண்டி நிறைய ஆட்கள்.

வேகமாக ஓடும்போது இல்லாத குறை, நிற்கும்போது மட்டும் ஏன் தோன்றுகிறது? இந்தக் கேள்விக்குப் பௌதிகம் தரும் விடையே நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் ஆகும்.

வெற்றோட்டம் என்பது யாது?

வண்டி நிற்க, இயந்திரம் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும் நிலையைப் பட்டறைகளில் 'ஐடிலிங்' என்றும் 'ஸ்லோ ஸ்பீடு' என்றும் கூறுவர். நாம் இதை வெற்றோட்டம் என்போம். இந்நிலையில் இயந்திரம் செய்யும் வேலை தன் உராய்வை வென்று தன்னைத் தானே சுழற்றிக்கொள்வது ஒன்றே.

பழைய ஜீப்பின் இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2.2 லிட்டர். ஒவ்வொரு சிலிண்டரும் உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் ஆகிய நான்கு வீச்சுகளை இரண்டு சுற்றுகளில் முடிக்கிறது. வெற்றோட்டத்தில் நிமிடத்திற்கு 600 சுற்றுகள் எனக் கொள்வோம். அதாவது விநாடிக்குப் பத்துச் சுற்றுகள். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு ஐந்து முறை வெடிக்கிறது; நான்கும் சேர்ந்து இருபது முறை.

இவற்றுள் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால், இருபது உதைகளில் ஐந்து விடுபடும். விநாடிக்கு ஐந்து முறை இயந்திரம் சற்றே தயங்கித் தயங்கி மீள்கிறது. இவ்வளவு மெதுவான அதிர்வை நம் உடல் நன்றாக உணர்கிறது. இதையே 'மிஸ் அடிக்கிறது' என்கிறோம்.

சக்கரத்தின் சேமிப்பு

ஓர் உதைக்கும் அடுத்த உதைக்கும் இடையே இயந்திரத்தைச் சுழலவைப்பது பிளைவீல் என்னும் கனத்த சக்கரம். அதன் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பதை மாணவர்கள் அறிவர். 3000 சுற்றில் உள்ள வேகம் 600 சுற்றில் உள்ளதைப்போல் ஐந்து மடங்கு. ஆகவே சேமித்த ஆற்றல் இருபத்தைந்து மடங்கு. கையில் நிறையப் பணம் உள்ளவனுக்கு ஒரு நாள் கூலி தவறினால் தெரிவதில்லை. அன்றாடங்காய்ச்சிக்கோ அடுப்பு எரியாது. வெற்றோட்டத்தில் இயந்திரம் அன்றாடங்காய்ச்சியாக இருக்கிறது. அதனால்தான் சிறு குறையும் உடனே வெளிப்படுகிறது.

சிறு துளையின் பெருந்தீமை

இரண்டாவது காரணம் இதைவிடச் சுவையானது. பெட்ரோல் இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கார்புரேட்டரில் உள்ள திராட்டில் தகடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது திறக்கும். காலை எடுத்தால் ஏறக்குறைய முற்றிலும் மூடிக்கொள்ளும். மூடிய கதவுக்குப் பின்னால் பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையேயுள்ள மானிஃபோல்டு குழாயில் காற்றழுத்தம் மிகவும் குறைகிறது. வெளியழுத்தம் 30 அங்குல பாதரசம் என்றால், உள்ளே சுமார் 11 அல்லது 12 அங்குலமே இருக்கும். இந்த வேறுபாட்டையே பட்டறைக்காரர் 'வேக்குவம்' என்கின்றனர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெற்றோட்டத்தில் ஜீப்பின் இயந்திரம் விநாடிக்குச் சுமார் 4 லிட்டர் காற்றை உட்கொள்கிறது. மானிஃபோல்டில் 2 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு துளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்த வேறுபாடு அதிகமாக இருப்பதால், அத்துளையின் வழியே காற்று ஏறத்தாழ ஒலியின் வேகத்தில் பாய்கிறது. விநாடிக்குச் சுமார் அரை லிட்டர் நுழைந்துவிடும். மொத்தக் காற்றில் இது எட்டில் ஒரு பங்கு! கார்புரேட்டர் அறியாமல் வந்த இந்தக் காற்றோடு பெட்ரோல் வருவதில்லை. கலவை நீர்த்துப்போகிறது. வெற்றோட்டத்தில் சிலிண்டருக்குள் எரிந்த பழைய வாயுவும் கணிசமாகத் தங்கியிருக்கும். ஆகவே நீர்த்த கலவை சில முறை பற்றும். சில முறை பற்றாது.

இதே ஜீப் முழுத் திராட்டிலில் மலையேறும்போது என்ன ஆகிறது? கதவு திறந்துவிட்டதால் மானிஃபோல்டின் அழுத்தம் வெளியழுத்தத்தை நெருங்குகிறது. துளையின் வழியே காற்றைத் தள்ள விசை இல்லை. இயந்திரமோ விநாடிக்கு 40 லிட்டருக்கு மேல் காற்றை உட்கொள்கிறது. துளையின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இராது. நண்பரின் ஜீப் குதிரைபோல் ஏறியதும், நின்றதும் நடுங்கியதும் முரண்பாடே அல்ல.

எந்தச் சிலிண்டர்?

ஆயினும் நடுக்கத்திற்குக் காரணம் காற்றுக் கசிவு மட்டுமன்று. எரிதலுக்கு மூன்று தேவை: தக்க நேரத்தில் தீப்பொறி, போதிய அமுக்கம், சரியான கலவை. மூன்றில் எது குறைந்தது எனக் காண்பதே சோதனையின் நோக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதன் விளைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தின் இந்த விதி பட்டறைக்கும் பொருந்தும்.

முதலில், இயந்திரம் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி இயந்திர உடலோடு தொடும்படி வைத்தோம். நல்ல சிலிண்டரின் கம்பியை எடுத்தால் வேகம் தெளிவாகக் குறையும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டரின் கம்பியை எடுத்தால் எந்த மாறுதலும் தெரியாது. அக்கம்பியில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் இருப்பதால், நன்கு காப்பிட்ட இடுக்கியால் அனுபவமுள்ளவரே இதைச் செய்ய வேண்டும். மின்னணுப் பற்றவைப்பு உள்ள புதிய வண்டிகளில் இச்சோதனை கூடாது.

ஒரே ஒரு சிலிண்டர் குற்றவாளி எனத் தெரிந்தால், அதன் பிளக்கையும் கம்பியையும் அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். நோயும் கூடவே நகர்ந்தால் குறை மின்பகுதியில் உள்ளது. நகராவிட்டால் அமுக்கத்தை அளக்க வேண்டும். அமுக்கம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மீண்டும் அளந்தால், அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது. உயராவிட்டால் வால்வில் கசிவு என்று பெரும்பாலும் கொள்ளலாம். வால்வு நன்றாக மூட, டாப்பெட்டில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இல்லாமற் போனால், சூட்டில் நீளும் வால்வு முழுவதும் மூடாது.

நண்பரின் ஜீப்பில் எந்தக் கம்பியை எடுத்தாலும் வேகம் ஒரே அளவாகக் குறைந்தது. அமுக்கமும் நான்கிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. போரிங் வேண்டும் என்ற தீர்ப்பு இங்கேயே தள்ளுபடியாயிற்று. குறை ஒரு சிலிண்டரில் இல்லை. நான்குக்கும் பொதுவான ஓரிடத்தில் உள்ளது.

பொதுவான இடங்கள் இரண்டு. ஒன்று, காயில், கண்டென்சர், பாயிண்ட் ஆகியவை கொண்ட மின்பகுதி. பாயிண்டின் இடைவெளி ஏறத்தாழ அரை மி.மீ. சரியாக இருந்தது. மேலும், சிலிண்டரில் அழுத்தம் மிகுந்தால் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். சுமையோடு மலையேறும்போது தவறாத பொறி, சுமையற்ற நிலையில் தவறும் என எண்ண இடமில்லை. எஞ்சியது இரண்டாவது இடம்: கலவை.

சோக் சொன்ன சாட்சி

இந்த நேரத்தில் நண்பர் தற்செயலாக ஒன்று சொன்னார். "சோக்கைப் பாதி இழுத்து வச்சா நல்லாத்தான் ஓடும். ஆனா பெட்ரோல் குடிக்குதே!"

நோயின் விடை முழுவதும் இந்தச் சொல்லில் இருந்தது. சோக் காற்றைத் தடுத்துப் பெட்ரோலின் பங்கை உயர்த்துவது. குளிர்ந்த இயந்திரத்திற்கு மட்டுமே தேவைப்படுவது. சூடேறிய இயந்திரம் சோக்கை இழுத்தால் சீராகிறது என்றால், கலவை நீர்த்திருக்கிறது என்பது பொருள். புதிய கார்புரேட்டர் மாட்டியும் நீர்த்திருப்பதால், காற்று வேறு வழியாக நுழைகிறது.

வேக்குவம் மானியை மானிஃபோல்டில் இணைத்தோம். நல்ல இயந்திரத்தில் முள் 17 முதல் 21 அங்குலம் வரை ஓரிடத்தில் அசையாது நிற்கும். ஒழுங்கான இடைவெளியில் முள் துள்ளி விழுந்தால், ஒரு வால்வோ பிளக்கோ பழுது. மெல்ல அலைந்தால் கலவை சரியில்லை. அசையாமல், ஆனால் தாழ்ந்து நின்றால், பற்றும் நேரம் பிந்தியிருக்கலாம். அல்லது காற்றுக் கசிவு இருக்கலாம். எங்கள் முள் 13 அங்குலத்தில் நின்றது. பற்றும் நேரத்தைச் சரிபார்த்தோம், அதில் பிழையில்லை.

பின்பு இன்ஜின் ஆயிலை இணைப்புகளின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டோம். கார்புரேட்டரின் அடியிலுள்ள பேக்கிங், திராட்டில் தண்டின் இரு முனைகள், ரப்பர் குழாய்கள் என ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கசியும் இடத்தில் ஆயில் உள்ளே இழுக்கப்படும். இயந்திரத்தின் ஒலி சிறிது நேரம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பர். சூடான இயந்திரத்தில் அது தீயை அழைப்பதாகும்.

இறுதியில் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஆயில் 'சுர்' என்று மறைந்தது. அங்கே விரல்நீளக் குழாய் ஒன்றும், அதன் வாயில் வெடித்துப்போன ரப்பர் அடைப்பான் ஒன்றும் இருந்தன. பழைய ஜீப்புகளில் மழைத்துடைப்பானை இயக்கியது மின்மோட்டார் அன்று, மானிஃபோல்டின் வேக்குவமே. மலையேறும்போது வேக்குவம் குறைவதால், மழையில் மிகவும் தேவைப்படும் நேரத்தில் துடைப்பான் சோர்ந்து நின்றுவிடும். அதனால் பலரும் மின்மோட்டாருக்கு மாறினர். நண்பரின் ஜீப்பிலும் யாரோ அப்படி மாற்றிவிட்டு, பழைய குழாயின் வாயை ரப்பரால் அடைத்திருந்தனர். ஆண்டுகள் பல சென்றதும் ரப்பர் வெடித்தது.

புதிய அடைப்பான் ஒன்றை மாட்டி, கார்புரேட்டரின் திருகுகளை மீண்டும் சரிசெய்தோம். மானியின் முள் 18 அங்குலத்திற்கு ஏறியது. நடுக்கம் நின்றது. செலவு, இரண்டு தேநீரின் விலையைத் தாண்டவில்லை.

மலையும் புதிய பெட்ரோலும்

மலை வண்டிக்காரர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். உயரம் 300 மீட்டர் கூடும்போது மானியின் அளவு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவது இயல்பு; அது நோயன்று. மேலும், 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே ஏறத்தாழ பத்து விழுக்காடு செறிந்த கலவையைத் தரும், புகை கறுக்கும்.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்னும் இலக்கை இந்தியா 2025இல் எட்டியது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை சற்று நீர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது மெல்லக் கெடுக்கக்கூடும். ஆகவே பழைய வண்டியின் ரப்பர்ப் பகுதிகளை ஆண்டுதோறும் பார்த்து மாற்றுவது நல்லது.

இச்சோதனைகளைத் திறந்த வெளியில் செய்வது இன்றியமையாதது. மூடிய கொட்டகையில் ஓடும் இயந்திரத்தின் புகையில் மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளது. அது உயிரைக் குடிக்கும். கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரை விடுவித்த பின்னரே இயந்திரத்தைத் தொட வேண்டும்.

நண்பரின் ஜீப்பில் நோயைக் காட்டியது மானி மட்டுமன்று. எப்போது நடுங்குகிறது, எப்போது நடுங்கவில்லை, எதைச் செய்தால் அடங்குகிறது என்பவை அனைத்தும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தன. மூன்று பட்டறைகளிலும் அவரிடம் அவற்றைக் கேட்டவர் இல்லை. அடுத்த முறை உங்கள் வீட்டு இயந்திரம் ஏதேனும் முரண்டு பிடித்தால், திருகுளியை எடுக்கும் முன் ஒரு தாளில் இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள்.